எர்சிலியா வீட்டுக் கூரையில் விழுந்த பந்துகள்

ராடாமெஸ் புவேயோ அமெரிக்காவில் பேஸ்பால் மட்டையைச் சுழற்றித் தவறவிட்ட பந்துகள் எல்லாம், அன்றன்றைக்கே, எங்கள் ஊரான லாஸ் கஹுவீலஸில் அவன் தாய் எர்சிலியாவின் வீட்டில் விழுந்தன. முதல் பந்து ஜூன் மாதத்தில் விழுந்தது, சர்க்கரை ஆலை அரைவையை நிறுத்திய வாரம். துணி ஊறவைத்திருந்த தொட்டி பிளந்து சோப்புத் தண்ணீர் கொல்லை முழுக்க ஓடியது. வெள்ளைத் தோலும் சிவப்புத் தையலுமாக, எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்காத உயர்ந்த பேஸ்பால் பந்து அது. அதே நொடியில் புளோரிடாவில் பந்தைப் பிடித்தவரின் கையுறைக்குள்ளும் ஒரு பந்து இருந்தது. அங்கே எதுவும் குறையாததால் யாரும் தேடவில்லை.

ராடாமெஸும் பக்கத்து வீட்டு நூரிஸின் மகன் டெய்வியும் ஒரே கோடையில் ஒரே அமெரிக்க பேஸ்பால் குழுமத்தால் எடுக்கப்பட்டவர்கள். ராடாமெஸ் மட்டை பிடிப்பவன், டெய்வி பந்து வீசுபவன். இருவரையும் கரும்புக் காட்டோரத்துத் திடலில் பழக்கியவர் சென்சோ. எங்கள் ஊரில் பையன்களுக்குப் பதினாறு வயதாகும்போது அமெரிக்காவிலிருந்து ஆள் வந்து பார்ப்பதும், பிடித்தவனைக் கூட்டிப்போவதும் வழக்கம். போகிறவன் நேராகப் பெரிய லீகுக்குப் போய்விடுவதில்லை. கீழே படிப்படியாக அணிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் அடித்துக் காட்டினால்தான் அடுத்த படி. பெரும்பாலானவர்கள் பாதி ஏணியில் உதிர்ந்துவிடுவார்கள் என்பது ஊருக்குத் தெரியும். ஆனால் உதிர்கிறவன் நம் வீட்டுப் பையனாக இருப்பான் என்று எந்தத் தாயும் நினைப்பதில்லை. மகனுக்குக் கிடைத்த முதல் பணத்தில் எர்சிலியா பனங்கீற்றைப் பிரித்துப்போட்டுத் தகரக் கூரை வேய்ந்தாள். கீற்றாகவே விட்டிருந்தால், பந்து விழுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்காது.

கேட்டது. சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் அங்கே ஆட்டம் தொடங்கும். இங்கே ஆண்கள் முனைக்கடை வாசலில் டோமினோ ஆடிக்கொண்டிருப்பார்கள். வேகப்பந்து என்றால் தகரம் துப்பாக்கி வெடித்த மாதிரி அதிரும். வளையும் பந்துகள் விழும்போதும் வளைந்தே விழுந்தன. எர்சிலியாவின் கூரைக்கு நேராக வந்து, கடைசி நொடியில் ஒடிந்து, சுவர் தாண்டி நூரிஸின் கொல்லையில் போய் விழும். ஒரே மாதத்தில் நூரிஸின் கொல்லையில்தான் பந்து அதிகம் என்று ஆனது. சென்சோ வந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். வளையும் பந்தை அடிக்கப் பையனுக்கு வரவில்லை. அது தன் குற்றம்தான், திடலில் அதை ஒழுங்காக வீசிக் காட்ட ஆள் இல்லை என்று அவர் கடையில் சொன்னதாகச் சொல்வார்கள்.

எர்சிலியா வெட்கத்தில் பந்துகளை ஒளித்தாள். சத்தம் கேட்ட உடனே விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பெருக்குகிறவள் போல வெளியே வந்து, பந்தை இடுப்பில் கட்டிய துணியில் சுருட்டிக்கொண்டு உள்ளே போவாள். கட்டிலுக்கடியில் நிறைந்ததும் குழாய்த் தண்ணீர் வராமல் காய்ந்து கிடந்த சிமெண்டுத் தொட்டிக்குள் போட்டாள். தொட்டி நிறைந்ததும் சாக்குகளில் கட்டினாள். கேட்டவர்களிடம் மாங்காய் விழுகிறது என்றாள்.

"மாங்காயா?" என்றார் சென்சோ. "தையல் போட்ட மாங்காய நான் இப்பதான் எர்சிலியா பாக்குறேன்."

"பாத்தாச்சுல்ல? போங்க, போயி உங்க வேலயப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் ராடாமெஸ் கடைத் தொலைபேசிக்குக் கூப்பிடுவான். எர்சிலியா குளித்து, பவுடர் பூசி, மகன் நேரில் பார்க்கப்போவது போல உடுத்திக்கொண்டு போவாள். கடைக்குள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். "நேத்து ரெண்டு அடிச்சேம்மா, ஒண்ணு மைதானச் சுவத்துக்கே போயிருச்சு," என்பான் பையன். நேற்று மாலை முழுக்கத் தகரம் அதிர்ந்ததை அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். அவர்கள் கையிலிருந்த டோமினோ காய்களைக் குனிந்து பார்ப்பார்கள். "நல்லதுடா கண்ணு," என்பாள் எர்சிலியா. "சாப்ட்டியா? அங்க சோறு கெடைக்குதா?" பேசி முடித்து வெளியே வரும்போது யாரையும் பார்க்காமல் நடப்பாள். மற்றவர்களும் அவளைப் பார்க்காதபடி திரும்பிக்கொள்வார்கள்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. பையன் ஒரு படி ஏறினான், குளிர் மாநிலத்துக்குப் போனான். அந்த வருடம் விழுந்த பந்துகள் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருந்தன. பிறகு கீழ்ப்படிக்கே இறக்கப்பட்டான், பந்துகள் பழையபடி புளோரிடாவின் வெக்கையோடு வந்தன. டெய்வி மேலே போய்க்கொண்டிருந்தான். நூரிஸ் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தன் கொல்லையில் விழுந்த பந்துகளை ஒரு கூடையில் போட்டு, மேலே வாழைச் சருகை மூடிவைத்தாள்.

மூன்றாம் வருடம் ஆகஸ்டில் பந்து விழுவது நின்றது.

முதல் நாள், அங்கே மழை, ஆட்டம் இல்லை என்று நினைத்தார்கள். அந்த வாரமும் விழவில்லை, அடுத்த வாரமும் இல்லை. கடையில் பேச்சு மெல்ல மாறியது. பையன் ஒரு பந்தைக்கூட விடாமல் அடிக்கிறான் என்றார் ஒருவர். அப்படி அடித்தவன் உலகத்தில் யாருமில்லை என்றார் இன்னொருவர். நம் ஊர்க்காரன் என்றால் ஏன் முடியாது என்று சென்சோ மேசையைத் தட்டினார்; அவருக்கு அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது. தொலைபேசியில் ராடாமெஸும், "நல்லா அடிக்கிறேம்மா," என்றுதான் சொன்னான். ஊர் முதல்முறையாக டோமினோவை விட்டுத் தலைநிமிர்ந்து சிரித்தது.

எர்சிலியாவுக்கு இரண்டு வருடத்து வெட்கமும் ஒரே நாளில் உடம்பை விட்டு இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறொன்று ஏறியது. மஞ்சள் கவுன் தைத்துக்கொண்டாள். ஆடு வெட்டி, கிழங்கும் வாழைக்காயும் போட்டுப் பெரிய அண்டாவில் குழம்பு வைத்துத் தெருவையே அழைத்தாள். நூரிஸும் வந்தாள், தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். சாப்பிடாமலே இருந்தாள்.

"ஏன்டி நூரிஸ், சாப்புடு," என்றாள் எர்சிலியா, தெருவுக்கே கேட்கிற குரலில். "உம் மவன் இன்னும் அந்தச் சின்ன அணியிலதான் கெடக்கானா? கவலப்படாத. எம் பையன் பெரிய லீகுக்குப் போனதும் ஒரு வார்த்த சொல்லச் சொல்றேன். மட்டையையாவது தொடச்சிக் குடுக்கட்டும்."

சிலர் சிரித்தார்கள். நூரிஸ் தட்டைத் தரையில் வைத்தாள்.

"பந்து ஏன் விழலன்னு தெரியுமாக்கா?" என்றாள். "அவன் கையில மட்டையே இல்ல. மூணு வாரத்துக்கு முன்னாடியே வீட்டுக்குப் போன்னு அனுப்பிட்டாங்க. டெய்வி சொன்னான். கரோலினாவுல எங்கயோ கோழி வெட்டுற கம்பெனில நிக்கிறானாம்."

சொன்ன உடனே தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரும் எழுந்து போகவில்லை; முதலில் எழுந்து போகிறவனாக இருக்க யாருக்கும் துணிவில்லை. அண்டா காலியாகும்வரை தெரு முழுவதும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டது. எர்சிலியா மஞ்சள் கவுனோடு நின்று கடைசி ஆள்வரை பரிமாறினாள். அடுத்த ஞாயிறு கடைக்குப் போனாள். "மூணு அடிச்சேம்மா," என்றான் பையன். "நல்லதுடா கண்ணு, சாப்ட்டியா?" என்றாள்.

மறுநாள் மாலை எர்சிலியாவின் கூரையில் பந்து விழுந்தது.

டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் கை அந்தரத்தில் நின்றது. சற்று நேரத்தில் இன்னொன்று. நூரிஸ் சமையலறை ஜன்னலைத் திறந்து பார்த்தாள். கொல்லையில், சாக்கு மூட்டைக்குப் பக்கத்தில், எர்சிலியா நின்றுகொண்டிருந்தாள். பந்தை எடுத்துத் தன் கூரை மேலேயே எறிந்தாள். அது தகரத்தில் இடித்து உருண்டு வந்து காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடியும் எறிந்தாள். தவறவிடுகிற மகனுக்காக வெட்கப்பட்டவள், இப்போது அவன் தவறவிடவாவது வேண்டும் என்று தோள் வலிக்க எறிந்துகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க நூரிஸால் முடியவில்லை. ஜன்னலைச் சாத்தினாள். பிறகு வெளியே வந்து, தெருவுக்குக் கேட்கும்படி சத்தமாகக் கேட்டாள்.

"அக்கா! ரெண்டும் வேகப்பந்தா?"

சுவருக்கு அந்தப் பக்கம் எறிவது நின்றது. "ஆமா," என்றது எர்சிலியாவின் குரல். "வேகப்பந்துதான்."

அன்றிலிருந்து வளையும் பந்துகளை நூரிஸ் பார்த்துக்கொண்டாள். கூடையிலிருந்த சருகை விலக்கி, நாளுக்கு ஒன்றோ இரண்டோ எடுத்துத் தன் கொல்லைத் தரையில் ஓங்கி அடிப்பாள். கடையில் சென்சோ காதைச் சாய்த்து, "வளையிற பந்து கொறஞ்சிருக்கு, தேறிட்டான்," என்பார். எல்லோரும் ஆமாம் என்பார்கள். அக்டோபரில் அமெரிக்காவில் கீழ்ப்படி அணிகளுக்கு ஆட்டங்களே இல்லை என்பது ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அக்டோபரிலும் பந்து விழுந்தது, நவம்பரிலும் விழுந்தது, ஒருவரும் எதுவும் சொல்லவில்லை.

ராடாமெஸ் டிசம்பரில் வந்தான். பேருந்து நிற்கும் சாலையில் இறங்காமல், ஆலைக்கு முன்னாலேயே இறங்கி, யார் கண்ணிலும் படாமல் கரும்புக்குள் புகுந்து வந்து கொல்லை வேலியைத் தாண்டினான். கையில் ஒரு பெட்டி, விரல்களில் கத்திக் கீறல்கள். அவன் அம்மா முதுகைக் காட்டி நின்று பந்தை எறிந்தாள். தகரத்தில் இடித்த பந்து உருண்டு வந்து அவன் காலில் முட்டியது. திரும்பிய எர்சிலியா கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கவுனில் துடைத்தாள்.

"என்னம்மா செய்ற?"

"நீதான்டா," என்றாள். "நீ ஆடிட்டிருக்க."

அவன் பெட்டியை வைத்துவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்தான். "விட்டுட்டாங்கம்மா. ஆகஸ்ட்லயே விட்டுட்டாங்க."

"தெரியும்."

"அதுக்கு முன்னாடியும் நான் உருப்படியா எதையும் அடிக்கல. ஞாயித்துக்கெழம சொன்னதெல்லாம் பொய்."

"அதுவும் தெரியும். இந்தக் கூரைக்குக் கீழதானடா நான் படுத்திருந்தேன்."

அவன் நிமிர்ந்து கூரையைப் பார்த்தான். குண்டும் குழியுமாக இருந்தது தகரம். சாக்குகளைப் பார்த்தான், பிதுங்கி நிற்கிற தொட்டியைப் பார்த்தான். கீழே கிடந்ததை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எந்த ஊரில், எந்த ஆளுக்கு எதிராகத் தவறவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். எர்சிலியா பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நூரிஸ் கூப்பிட்டாள். "என்னக்கா, இன்னைக்கு ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்டி," என்றாள் எர்சிலியா. குரலைத் தாழ்த்தவில்லை, தெருவுக்கும் கேட்டது. "பையன் வந்துட்டான். ஆட்டம் முடிஞ்சிருச்சு."

கிறிஸ்துமஸ் வரைக்கும் ராடாமெஸ் தெருவில் இறங்கவில்லை. பிறகு இறங்கினான், ஆலைக்குப் போகும் லாரிகளில் கரும்பு ஏற்றும் வேலை கிடைத்தது. கடை வாசலில் இருந்தவர்கள் அவனுக்கு டோமினோ மேசையில் இடம் விட்டார்கள், பந்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அந்த மார்ச்சில் டெய்வி ஏணியின் உச்சிக்கு முந்தின படிக்கு ஏற்றப்பட்டான். அதுவரை அவன் பந்தை ஒருவனும் விளாசியதில்லை; அங்கே மட்டை பிடிக்கிறவர்கள் வேறு ரகம். சேதி வந்த வாரம், யாரும் கேட்காமலே, ராடாமெஸ் நாலு புதுத் தகரம் வாங்கிவந்து நூரிஸின் கூரை மேல் இரண்டாம் அடுக்காக அடித்துக் கொடுத்தான். நூரிஸ் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஏப்ரல் இரண்டாம் வாரம், டெய்வி வீசி எவனோ விளாசிய முதல் பந்து நேராக வந்து அந்தத் தகரத்தில் விழுந்தது. நூரிஸ் வெளியே வந்து பார்த்தாள். கோழிகளை உள்ளே ஓட்டிவிட்டு, அடுப்பில் பீன்ஸ் தீய்ந்துவிடுமே என்று உள்ளே போனாள்.