கரும்பாறைக்குப் போன வீடு

மாலுமியின் மனைவி கை தவறிப் போட்ட ஈயக்குண்டு, சமையலறைத் தரையில் ஒரு கீறல்கூட விழாமல் உள்ளே போயிற்று. கப்பல்களுக்கு ஆழம் பார்க்கும் குண்டுகளை வார்த்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. அன்று புதுக் குண்டுக்குக் கயிறு கட்டி, பாகத்துக்கு, அதாவது இரண்டு கை விரித்த நீளத்துக்கு, ஒரு முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தாள். கயிறு கிட்டத்தட்ட முழுக்க இறங்கித்தான் நின்றது. இழுத்தால் குண்டு நனைந்திருந்தது. கடலடி மண் ஒட்டிக்கொண்டு வரட்டும் என்று அதன் அடியில் பூசிய கொழுப்பில் சாம்பல்நிறச் சேறு. பக்கத்து வீட்டிலும் போட்டுப் பார்த்தாள். தரை ஓடு உடைந்து, பேச்சு வாங்கியதுதான் மிச்சம்.

கூடவே இருந்த நாத்தனார் பரணிலிருந்து அண்ணனின் கடல்வழிப் புத்தகத்தை இறக்கினாள். எங்கே எவ்வளவு ஆழம், என்ன மண் என்று அதில் இருந்தது. சாம்பல் சேறு, அப்புறம் சிப்பித்தூள், அப்புறம் கரும்பாறை. சிப்பித்தூள் கண்டதுமே கப்பலைத் திருப்பிவிடு என்று அச்சடித்திருந்தது. அந்தப் பாறையில்தான் வெகு வருஷத்துக்கு முன் மாலுமியின் கப்பல் உடைந்தது. தினமும் குண்டை இறக்கிப் பார்த்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் கொழுப்பில் சிப்பித்தூள் வந்தது. ஆழமும் குறைந்துகொண்டே போயிற்று. வீடு அந்தப் பாறையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. பால்காரர் மட்டும் வழக்கம்போல அதே வாசலில் ஊற்றிவிட்டுப் போனார்.

ஒரு நாள் கொழுப்பில் ஐந்து விரல் பதிந்து வந்தது. சுண்டுவிரல் மாலுமிக்கு இருந்ததுபோலவே வெளிப்பக்கம் கோணியிருந்தது.

"அண்ணி, வீட்டைக் காலி பண்ணிடலாம்," என்றாள் நாத்தனார். "எங்க அண்ணன்தான், இல்லன்னு சொல்லல. ஆனா இத்தனை வருஷம் தண்ணிக்குள்ள கிடந்தவரு. எப்படி வருவாரோ!"

"நீ வேணும்னா போம்மா. நானும் போயிட்டா அவரு யாரைத் தேடுவாரு?"

நாத்தனார் மூட்டை கட்டினாள். சாயங்காலம் முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தாள்.

வீடு பாறையில் மோதியது ஒரு மத்தியானம். சுவர் குறுக்கே வெடித்தது, பாத்திரமெல்லாம் உருண்டது. சத்தம் அடங்கியபோது பின்னறையில் மாலுமி உட்கார்ந்திருந்தான். போன அன்றைக்கு இருந்த அதே வயது. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கண் இமைக்கவேயில்லை.

"எத்தனை பாகம்?" என்று கேட்டான்.

மனைவி துண்டை எடுத்து வந்தாள். "தரைதாங்க," என்றாள். "சாப்பிட வாங்க."

சாப்பிட்டான். ஆனால் எத்தனை துவட்டினாலும் அவன் உலரவில்லை. நாத்தனார் திட்டிக்கொண்டே தினமும் தரையைத் துடைத்தாள். அடுத்த வாரம், அதே கப்பலில் சமையல்காரனாகப் போனவனின் மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"எங்க வீட்டுத் தரையும் ஈரமாவே இருக்குக்கா. அந்தக் குண்டைக் கொஞ்சம் தர்றீங்களா?"

மாலுமியின் மனைவி அவளை உட்காரச் சொல்லிவிட்டு, கயிற்றைச் சிக்கெடுத்து, புதுக் கொழுப்பு பூசிக் கொடுத்தாள்.