கிழக்குக் கூரை

அப்புத்தளைக் கல்லூரிக்குச் சூரிய மின்சாரம் வரப்போவதில் நளீராவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதற்குத் திட்டம் போடும் பொறுப்பு பலீலாவிடம் போனதுதான் அவளை அரித்தது. பதினொரு வருடமாக அங்கே பௌதிகம் படிப்பிப்பவள் நளீரா. பலீலா கொழும்பிலிருந்து வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் விண்ணப்பம் எழுதிப் போட்டு, விடுதிப் பிள்ளைகளின் விளக்குகளுக்கென்று ஆறு சூரியத் தகடுகளுக்கு அனுமதியும் வாங்கிவிட்டாள்.

எனக்கு ஏன் இது தோன்றவில்லை? அந்தக் கேள்வியை நெருங்கப் பயந்து, பலீலா அதிகம் சிரிக்கிறாள், வந்த அன்றே அக்கா முறை கொண்டாடி ராத்தா என்று கூப்பிடுகிறாள், சேலையை ஒழுங்காகக் கட்டத் தெரியவில்லை என்று வேறு குறைகளைத் தேடிக்கொண்டிருந்தாள் நளீரா.

ஆசிரியர் அறை மேசையில் வரைபடத்தைப் பார்த்த அன்று அந்தத் தேடல் நின்றது. ஆறு தகடுகளும் மேற்குக் கூரையில். பெப்ரவரி மாதத்தில், பாடங்கள் முடிந்த பிறகு, பிற்பகல் வெயிலை அளந்திருந்தாள் பலீலா. ஊருக்குப் புதியவள். பிற்பகல் அப்படித் தெளிந்திருப்பது வருடத்தில் சில வாரங்கள்தான். மற்ற நாட்களில் பதினொரு மணி தாண்டினால் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி அந்தப் பக்கத்தையே விழுங்கிவிடும்.

நளீரா வாய் திறக்கவில்லை. வைக்கட்டும். விளக்கு எரியாதபோது எல்லாரும் பார்க்கட்டும். மூன்று நாள், சீனியில்லாத தேநீர்கூட அவளுக்கு இனித்தது.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் அறையில், இருவரும் பார்த்திருக்க, கல்லூரி அதிபர் ஹுமைத் வரைபடத்தில் கையெழுத்திடப் பேனையைத் திறந்தார். தேநீர் கொண்டுவந்த விடுதிச் சமையற்காரி ராசம்மா வரைபடத்தை எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பக்கமாங்க? அங்க நாங்க ஒரு துண்டுகூடக் காயப்போட மாட்டோமே. போட்டா காளான்தான் மொளைக்கும்."

பிழை பிடித்த பெயரையும் இன்னொருத்தி தட்டிக்கொண்டு போவதா?

"பதினொரு மணிக்கு மேல அங்க மூட்டம், ஸேர்," என்று நளீரா முந்தினாள். "காலை வெயில்தான் நம்பிக்கை. கிழக்குக் கூரையிலதான் வைக்கணும். இது தெரியாமலா திட்டம் போட்டாங்க?"

பலீலாவின் முகம் சுருங்கும் என்று காத்திருந்தாள். அது மலர்ந்தது.

"அல்லாஹ்! நல்ல வேளை சொன்னீங்க, ராத்தா. இல்லாட்டி என் மானமே போயிருக்கும்."

"பாத்தீங்களா?" என்றார் அதிபர் நளீராவிடம். "பிழையைச் சொன்னா முகம் சுளிக்காத ஆள். அதுக்குத்தான் இவங்ககிட்டக் குடுத்தேன்."

பலீலா பென்சிலை நீட்டினாள். "நீங்களே வரைஞ்சு தாங்க, ராத்தா."

நளீரா வாங்கிக்கொண்டாள். கிழக்குக் கூரையில் ஆறு கட்டங்கள் வரைந்தாள், பலீலாவின் கோடுகளைவிட நேராக வரவேண்டுமென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு.