இணைப்புக்கு ஐந்து மதிப்பெண்

பிராக்டிகல் தேர்வில் சர்க்யூட்டைத் தானே இணைத்தால் ஐந்து மதிப்பெண். லேப் உதவியாளரான 'லேப் அண்ணன்' இணைத்துக் கொடுத்தால் அந்த ஐந்தும் போச்சு. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் அந்தப் பள்ளியில் எந்தப் பெண்ணும் இதற்காக மூக்கைச் சிந்தியதில்லை. வருடம் முழுக்கப் பையன்கள் வயர் மாட்டுவார்கள், பெண்கள் முத்து முத்தாக ரெக்கார்டு எழுதுவார்கள். ஏன் என்று யாராவது கேட்டால்தானே பதில் தேட வேண்டும்!

பெண்கள் பள்ளியிலிருந்து போன வருடம் வந்து சேர்ந்தவளை எல்லோரும் 'புதுசு' என்றே கூப்பிட்டார்கள். பழைய பள்ளியில் பியூஸ் போனால்கூட அவர்களேதான் மாற்றுவார்கள்; கூப்பிட அங்கே எந்தப் பையன் இருந்தான்? இங்கே வந்தபின் பேனாவைத் தவிர வேறொன்றும் அவள் கைக்கு வரவில்லை. கேட்டால், "நீ தொட்டு ஏதாவது புகைஞ்சா யாரு பதில் சொல்றது?" என்பான் லேபில் அவளுக்குக் கூட்டாளியான பையன். அவள் சேர நினைத்த படிப்புக்கோ அந்த ஐந்து மதிப்பெண் குறைந்தால் இடமில்லை.

தேர்வன்று லேப் அண்ணன் ஒவ்வொரு பெண்ணின் மேஜையாக வயர் மாட்டிக்கொண்டே வந்தார்.

"தள்ளு பாப்பா, ரெண்டு நிமிஷத்துல போட்டுத் தரேன்."

"வேண்டாம்ணே. நானே போட்டுக்கறேன்."

மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள். மீட்டரின் முள் அசையவில்லை. பின்மேஜையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். பேசாமல் அண்ணனையே கூப்பிட்டுவிடலாமா என்று அவளுக்கு வாய்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வயராகத் தடவிப் பார்த்தாள். ஒரு முனையில் மேல்பூச்சு சுரண்டாமல் அப்படியே இருந்தது. உப்புத்தாளால் பரபரவென்று தேய்த்து மறுபடி மாட்டினாள். முள் துள்ளியது. அளவுகளை எழுதி முடிப்பதற்குள் வேர்த்து ஊற்றிவிட்டது.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அவள் மேஜைக்கு வந்தார். சர்க்யூட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்காமல் மதிப்பெண் தாளில் இணைப்புக்கான கட்டத்தில் சைபர் போட்டார்.

"சார், இது நான் போட்டது."

"பொண்ணுங்களுக்கெல்லாம் அவர்தானேம்மா போட்டாரு?"

"இந்தப் பாப்பா வேணாம்னுடுச்சு சார்" என்றார் லேப் அண்ணன்.

"அப்ப பக்கத்து மேஜைப் பையன் உதவி பண்ணியிருப்பான். விடும்மா. ரீடிங்குக்கு முழு மார்க் தரேன், போதாதா?"

அவர் கருணையாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மணி அடிக்க நாலே நிமிடம் இருந்தது. சுவிட்சை அணைத்தாள். வயர்கள் அத்தனையையும் பிடுங்கி மேஜைமேல் போட்டாள்.

"நகராதீங்க சார்" என்றாள், முதல் வயரை எடுத்துக்கொண்டே. "இங்கேயே நின்னு பாருங்க."