முப்பத்தோராவது கண்ணாடி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மறைத்து என்ன ஆகப்போகிறது? சொந்தத் தங்கையின் புருஷனை, அவள் கண் முன்னாலேயே போட்டு அடித்தவன் நான்.

எங்களுடையது கண்ணாடி வெட்டும் கடை. வெட்டுவது மாப்பிள்ளை, கணக்கு எழுதுவது தங்கை, ஏற்றி இறக்க ஒரு தடியன். ஜன்னல் கம்பெனிக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: இந்த மாதம் அறுநூறு கண்ணாடி, அதில் முப்பது வரை உடையலாம். அதற்குள் நின்றால் வருஷம் முழுக்க ஆர்டர். ஒன்று கூடினாலும் வேறு கடை. அந்த ஆர்டர் போனால் நாங்கள் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

சுவரில் பெரிய தாள் ஒன்றை ஆணியில் மாட்டினேன். தினமும் சாயங்காலம் வெட்டியது எத்தனை, உடைந்தது எத்தனை என்று தங்கை எழுத வேண்டும். சில நாள் ஒன்றுகூட உடையவில்லை. சில நாள் மூன்று, நாலு. வெட்டுகிறவன் ஒரே ஆள், மேசை ஒரே மேசை, அப்புறம் ஏன் இந்தக் கூத்து? திமிர் என்று நினைத்தேன்.

ஆறாம் தேதி முதல் அறை விட்டேன். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

"கை தவறிடுச்சு மச்சான்" என்றான்.

அதற்கப்புறம் விடவில்லை. உடைந்த துண்டுகளை அவன் காலடியிலேயே வீசினேன். ஒரு நாள் கழுத்தைப் பிடித்து மேசையில் அழுத்தி, "இதையும் எண்ணு" என்று தங்கையிடம் கத்தினேன். அவள் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். எனக்குப் பாவமாகக்கூட இல்லை.

கடைசி நாள் மதியமே முப்பது ஆகிவிட்டது. பாக்கி நாலு கண்ணாடி. அவன் முதுகை உரசிக்கொண்டு நின்றேன். மூன்று சரியாக வந்தன. நாலாவதில் கட்டர் கோணிக்கொண்டு போனது. தட்டியதும் பாளம் பாளமாகப் பிளந்தது.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. சட்டையைப் பிடித்து அறைந்தேன். அவன் மேசையில் கிடந்த துண்டுகள் மேலேயே விழுந்தான். உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழிந்து ரத்தம் கொட்டியது. அப்போதும் நான் நிறுத்தவில்லை, தரையில் சரிந்தவனை இடுப்பில் உதைத்தேன். தடியன்தான் என்னைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தான்.

தங்கை அலறவில்லை. தன் துப்பட்டாவால் அவன் கையை இறுகக் கட்டினாள். பிறகு சுவரில் இருந்த தாளைக் கிழித்து என் நெஞ்சில் அறைந்தாள்.

"திருப்பிப் படி."

பின்பக்கம் பொடிப் பொடியாக அவள் கையெழுத்து. ஒவ்வொரு நாளும் நான் வெட்டும் அறையில் நின்ற நேரம், பக்கத்திலேயே உடைந்த எண்ணிக்கை. நான் வெளியே அலைந்த ஒன்பது நாளில் உடைந்தது மொத்தமே இரண்டு. இன்று உடைந்ததையும் சேர்த்தால், மீதி இருபத்தொன்பதும் நான் அவன் பின்னால் நின்ற நாட்களில்.

"எண்ணுன்னு நீதானே சொன்னே? எல்லாத்தையும் எண்ணினேன். நீ நின்னா அவருக்குக் கை நடுங்குது."

"ஏன் முன்னாடியே காட்டலை?"

"அவருதான் வேணாம்னாரு. மச்சான் மனசு கஷ்டப்படும்னாரு."

கடை போனது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. அந்தக் கை மட்டுமே தெரிந்தது. கட்டை விரல் மடங்காமல் தொங்கியது. சீ, நான் ஒரு மனுஷனா என்றிருந்தது.

"மாப்ள, எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று அவனைத் தூக்கக் குனிந்தேன்.

அவன் ரத்தக் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு சுவரோரம் ஒடுங்கினான்.

"இனிமே உடைக்க மாட்டேன் மச்சான்" என்றான்.