ஆறு பிடி புகையிலைத்தூள்

முத்து சுவரைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது. சுவரோரம் யாருமில்லை. சுப்பராயன் எதற்கும் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு அது பின்பக்கமாகவே நாலடி நடந்து, வாயில் எச்சில் ஒழுக, நடுங்கிக்கொண்டே படுத்துவிட்டது.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் பதினெட்டு வருஷமாக ஊறல் தொட்டிகளுக்கு மேஸ்திரி அவர். தோல் ஊற முதல் நாள் மரப்பட்டைத் தண்ணீர் லேசு, மறுநாள் கெட்டி, அப்புறம் இன்னும் கெட்டி. இவ்வளவு தெரிந்த மனுஷனுக்கு ஒரு நாயின் தெள்ளுப்பூச்சி எம்மாத்திரம்? பக்கத்து வீட்டில் பீடி சுற்றும் குர்ஷித் பீ கொடுத்த புகையிலைத்தூளில் ஒரு பிடியைக் காலையில் காய்ச்சிப் பூசினார். தெள்ளு சாகவில்லை. அடுத்து ரெண்டு பிடி. கடைசியாக மூணு பிடி, பாதியாகச் சுண்டவைத்து. நன்றாக ஊறட்டும் என்று கழுவாமலும் விட்டார்.

முத்து அவர் மனைவி அமிர்தவள்ளியின் நாய். திருப்பத்தூருக்குப் போகும்போது அவள் சொன்னது ரெண்டே விஷயம். "தங்கச்சி கைக்கொழந்தையோட வர்றா, வூட்ல தெள்ளு இருக்கக்கூடாது. நாய பட்டினி போட்ராதய்யா, நீ எங்கனா துன்னுக்குவ." சாயங்கால ரயிலில் வருகிறாள்.

குர்ஷித் பீ வந்து குனிந்து பார்த்தாள்.

"எத்தினி பிடி போட்டீங்க, மேஸ்திரி?"

"மொத்தமா ஆறு."

"ஒரு பிடி, ஒடனே கழுவிடணும்னேனே. கை கழுவாம துன்னா எங்களுக்கே தல சுத்துது. இது நாயா, ஆட்டுத்தோலா?"

அவருக்கே குழப்பமாக இருந்தது. கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்து ஊற்றினார். பழுப்புத் தண்ணீர் வெளுக்கிற வரைக்கும் தேய்த்தார். முத்து கழுத்தைத் திருப்பி, நீ யார் என்பதுபோல அவரைப் பார்த்தது. பதினெட்டு வருஷத்தில் அவர் ஊறப்போட்ட எதுவும் அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை.

முத்துவை அமிர்தவள்ளியின் பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு தெள்ளாவது மிஞ்சியிருக்கும்ல?"

"இன்னா பேச்சு இது? அத ஒழிக்கத்தானே இம்மாம் பேஜாரு."

"சொறிஞ்சிக்கிச்சின்னா உசுரு இருக்குன்னு அர்த்தம்ல."

குர்ஷித் பீ சிரிக்கவில்லை. ஸ்டேஷன் பக்கம் சாயங்கால ரயில் ஊதியது. சேலைக்குள் ஏதோ அசைந்தது. முத்துவின் பின்னங்கால் மெல்ல வெளியே வந்து, காதை நோக்கி எழும்பி, எதற்கு எழும்பினோம் என்பது மறந்ததுபோல நடுவழியில் நின்றது.

சுப்பராயன் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் ஜட்கா வண்டியின் மணி கேட்டது. அவர் விரல் தானாகப் போய் அந்தக் காதைச் சொறிந்துவிட ஆரம்பித்தது.