வாசற்படியில் தங்கிய பாட்டு

அண்ணன் அனுப்பிய பாட்டுகள் கேட்டு முடிந்த பிறகும் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. மூன்றாம் மாடியில், இடது கைப்பக்க வீட்டில், ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு தங்கிவிட்டன. முதலில் வந்தது, ஒன்பது சைக்கிள் மணிகளை வரிசையாகக் கட்டி ஒரு கிழவர் வாசித்த பாட்டு. இணையத்தில் அதை அதுவரை நூற்றுப் பன்னிரண்டு பேர்தான் பார்த்திருந்தார்கள். தங்கை அதை ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டே கேட்டாள், போனைக் கீழே வைத்தாள், குளிக்கப் போனாள். குழாயடியில் வாளியை நகர்த்தியதும் அதற்குள்ளிருந்து ஒன்பது மணிகளும் முறையாக அடித்தன. தண்ணீரைக் கொட்டிப் பார்த்தாள், வாளியைக் கவிழ்த்தும் தட்டிப் பார்த்தாள். பாட்டு அசையவில்லை. அண்ணனுக்கு இதை எழுதினாள். "வாளி புதுசா, பழசா?" என்று அவன் கேட்டான்.

அடுத்த மாதம் மீன் டப்பா அடைக்கும் தொழிற்சாலையில் இயந்திரத்தின் தாளத்துக்குப் பெண்கள் பாடிய பாட்டு வந்து செருப்பு அலமாரியில் குடியேறியது. மரம் அறுக்கும் வாளை வில்லால் இழுத்து ஒருத்தி வாசித்தது பீரோவின் மேல் பெட்டிகளுக்கு நடுவே போய்ப் படுத்துக்கொண்டது. யாரோ ஒரு புண்ணியவான் பழுதான லிஃப்ட் ஒன்றின் முனகலை வெட்டி ஒட்டி ராகமாக்கியிருந்தான். அது ஃப்ரிட்ஜின் பின்னால் ஒண்டிக்கொண்டதில், ஃப்ரிட்ஜ்தான் கெட்டுப்போனதென்று இரண்டு முறை ஆளைக் கூப்பிட்டார்கள். கிட்டே போனால் பாடும், விலகினால் அடங்கும். மற்றபடி எந்தப் பாட்டாலும் தொந்தரவில்லை. வேலையிடத்துத் தோழிகள் அனுப்பியவை எல்லா வீட்டிலும் போலக் கேட்டதும் போய்விட்டன. அண்ணனுடையவை மட்டும் தங்கின. குடியிருப்போர் சங்கம் இதற்காக ஒரு கூட்டம் போட்டது. பாட்டுகள் தண்ணீர் பயன்படுத்துவதில்லை, மாடிப்படியில் குப்பை போடுவதில்லை, ஆகவே அவை விருந்தாளிக் கணக்கில் வராது என்று செயலாளர் தீர்ப்புச் சொன்னார். கீழ்வீட்டுத் தையல்காரர் மட்டும், தனக்கும் ஒன்று கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர், அம்மாவும் மகளும். அம்மா முப்பது வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு வாசித்தவள். அவள் சாதாரணமாக உப்பு கேட்டாலே நான்கு மாடிக்கும் தெரியும். மகனுக்காகக் கண்டவர் காலிலும் விழுந்து அதே நிலையத்தில் நிரந்தர வேலை ஒன்று வாங்கிக் கொடுத்தாள். அவனோ மூன்றே மாதத்தில் அதை உதறிவிட்டு, லிஃப்ட் பழுது பார்க்கப் போகிறேன் என்று வந்து நின்றான். "இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று அம்மா சொன்னது, நடைமேடை மாற்றத்தை அறிவிக்கும் அதே தெளிவோடு எல்லா வீட்டிலும் கேட்டது. அவன் வேறொரு ஊருக்குப் போய்விட்டான். இரண்டு வருடம் பேச்சே இல்லை. பிறகு தங்கைக்கு அந்தச் சைக்கிள் மணி வந்தது, கூட ஒரு சொல்லும் இல்லாமல். அவளும் பதிலுக்கு ஏதோ ஒரு பாட்டைத் தேடி அனுப்பினாள். எப்படி இருக்கிறாய், என்ன சாப்பிடுகிறாய் என்பதெல்லாம் இருவருக்கும் வாயில் வரவில்லை. பாட்டு வந்தால் அவன் உயிரோடு இருக்கிறான், சிரிப்புப் பாட்டு வந்தால் நன்றாக இருக்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

தங்கைக்கு ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் வேலை. சத்தம் புகாத சின்ன அறையில் நோயாளியை உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு பொத்தானை அழுத்துவாள். "கேட்டா விரலைத் தூக்குங்க. இப்ப கேக்குதா? இப்ப? இது கேட்டுச்சா?" ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்தால் அந்தச் சொல்லை நானூறு தடவையாவது சொல்ல வேண்டியிருக்கும். நாளடைவில் கேட்பது என்றால் அவளுக்குக் காதால் கேட்பதுதான். ஒருவரிடம் ஒன்றை வேண்டிக் கேட்பதும், விவரம் கேட்பதும் அவள் மனதில் அந்தச் சொல்லோடு ஒட்டாமல் உதிர்ந்துவிட்டன. தொழில் அப்படி. தையல்காரருக்கு அளவு என்றால் இடுப்பளவுதான்.

வீட்டை விட்டுப் போன நான்காவது வருடத்தில் ஒரு வியாழக்கிழமை அண்ணன் ஒரு பாட்டு அனுப்பினான். பதினோரு பெண்கள் ஒரு படகில் உட்கார்ந்து பாடினார்கள். என்ன மொழி என்று யாருக்கும் தெரியவில்லை. இணையப் பக்கத்தின் அடியில் ஒருவர் அதைத்தான் விசாரித்திருந்தார், பதில் சொல்ல ஆளில்லை. அந்தப் பெண்கள் சுற்றிச் சுற்றிப் பல்லவிக்கு வரும்போதெல்லாம் அச்சு அசலாக "வராதே, வராதே" என்று பாடுவது போலவே இருந்தது. அவள் இரண்டு தடவை கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் வேலைக்கு நடுவே அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. கேட்டியா? கேட்டேன் என்று போட்டாள். என்ன சொல்றாங்க? என்றான். நோயாளி காதுக்கருவியோடு காத்துக்கொண்டிருந்தார். கேலியை விட மனமில்லாமல் அவசரமாக அடித்தாள்: வராதே வராதேன்னுதான் சொல்றாங்க. கொஞ்ச நேரம் கழித்து, சரி என்று ஒரே சொல் வந்தது. வழக்கமாக அவன் அந்த இடத்தில் இன்னொரு கேலியைச் சேர்ப்பான். எங்கேயோ லிஃப்ட் நின்றிருக்கும், ஆள் மாட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பொத்தானை அழுத்தினாள்.

அந்தப் பாட்டு வாசற்படியில் தங்கியது. அதில்தான் வினை. யார் மாடியேறி வந்தாலும், மணியை அடிக்கக் கை தூக்குவதற்குள் பதினோரு பெண்கள் சேர்ந்து "வராதே, வராதே" என்றார்கள். நாகரிகம் தெரிந்தவர்கள் திரும்பிப் போனார்கள். குரியர்காரர் பொட்டலத்தைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கினார். அம்மாவின் பழைய சிநேகிதிகள் இரண்டு பேர், இத்தனை வருடப் பழக்கத்துக்கு இதுதான் மரியாதையா என்று போனில் வைதார்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, கையில் ஒரு பூந்தொட்டியோடு வந்தார்; வாசலில் ஒரு நிமிடம் நின்றார்; தொட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அடுத்த வருடம் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. அவள் மிதியடியை மாற்றினாள், படியைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், கதவைத் திறந்தே வைத்துப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. வீடு முழுக்கப் பாட்டு, ஆனால் வருவதற்கு ஒரு ஆள் இல்லை.

அம்மாவுக்கு அந்த வருடங்களில் காது மந்தமாகிவிட்டது. வீட்டில் இருந்த ஒரு பாட்டையும் அவள் முழுசாகக் கேட்டதில்லை. ஆனால் மகள் போனைப் பார்த்துச் சிரித்தால் மட்டும் கண்டுபிடித்துவிடுவாள்.

"என்ன, உங்க அண்ணனா? ஏதாச்சும் கேட்டானா?"

"இல்லம்மா. பாட்டுதான் அனுப்பியிருக்கான்."

"பாட்டு எதுக்கு எனக்கு? வரட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டா வேண்டாம்னா சொல்லப்போறேன்? ஆனா நீயா போய்ச் சொல்லாதே. அவனா கேக்கணும்."

மகள் சொல்லவில்லை. அம்மாவின் வீம்பும் அண்ணனின் வீம்பும் ஒரே பானைச் சோறு, நடுவில் தான் எதற்கு என்று இருந்துவிட்டாள். பிற்பாடு அவள் தன்னை மன்னிக்காதது இந்த ஒன்றுக்காகத்தான். வாராவாரம் ஏதாச்சும் கேட்டானா என்று விசாரித்துக்கொண்டே ஐந்து வருடம் இருந்துவிட்டு, அம்மா ஒரு காலையில் காபித் தம்ளரைக் கழுவி வைத்தபின் நாற்காலியில் உட்கார்ந்தபடி இறந்துபோனாள். தங்கை அண்ணனுக்கு மூன்று சொல்லில் எழுதினாள். அவன் வரவில்லை. மறுநாள் ஒரு பாட்டு வந்தது. காலியான ஒரு பெரிய கூடத்தை யாரோ நான்கு நிமிடம் பதிவு செய்திருந்தார்கள். அதில் ஒரு சத்தமும் இல்லை. அவள் கோபத்தோடு கடைசிவரை கேட்டாள். அது அம்மாவின் நாற்காலியில் தங்கியது. அன்றிலிருந்து அதில் உட்கார்ந்தால் தெருச் சத்தம்கூடக் காதில் விழாது.

அதற்குப் பிறகு அவள் எதுவும் அனுப்பவில்லை. பெற்ற தாய்க்கு வராதவனுக்குப் பாட்டு ஒரு கேடா என்று நினைத்தாள். அவனும் இரண்டு மூன்று அனுப்பிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அவற்றை அவள் திறக்கவில்லை. நான்கு வருடம் ஆஸ்பத்திரிக்குப் போனாள், வந்தாள், தனக்கு மட்டும் சமைத்தாள். ஒன்று கூடுதலாகத் தட்டு எடுத்துவிட்டு, திரும்ப அலமாரியில் வைப்பாள். குளிக்கும்போது வாளி பாடினால் வாயை மூடு என்று அதட்டுவாள்.

அந்த நான்காம் வருடத்தில், மதியச் சாப்பாட்டு வேளையில், அண்ணனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பாப்பா, அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளு. நான் வீட்டுக்கு வரட்டுமா? இறந்தவளிடம் கேட்கச் சொல்லும் அளவுக்கு இவனுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று பயந்தாள். பிறகுதான் தேதியைப் பார்த்தாள். ஒன்பது வருடத்துக்கு முந்தைய வியாழக்கிழமை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் செய்தி மேலே மேலே ஏறி, தனக்குரிய பழைய இடத்தில், படகுப் பாட்டுக்கு நேர் மேலே போய் உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருடம் அது எங்கே இருந்தது என்று தொலைபேசி அலுவலகத்தைக் கூப்பிட்டு விசாரித்தாள். அங்கே இருந்த பெண், "நெட்வொர்க் பிஸியா இருந்திருக்கும் மேடம்" என்றாள்.

அவள் மேலிருந்து கீழாகப் படித்தாள். அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளு. நான் வீட்டுக்கு வரட்டுமா? அதன் கீழே பாட்டு. கேட்டியா? கேட்டேன். என்ன சொல்றாங்க? வராதே வராதேன்னுதான் சொல்றாங்க. சரி.

அந்த வீட்டில் அம்மாவை எப்போதும் மரியாதையாகத்தான் குறிப்பிடுவார்கள், சொன்னாங்க, வந்தாங்க என்று. பதினோரு பெண்களுக்கும் ஒரு அம்மாவுக்கும் இலக்கணம் ஒன்றுதான். அவள் சோற்றை மூடி வைத்துவிட்டுச் சத்தம் புகாத அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் வாய்விட்டு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள். பதிமூன்று வருடமாக ஒருவர் குரலை ஒருவர் கேட்டதில்லை.

"அண்ணா, நான் அம்மாகிட்ட கேக்கவே இல்ல."

"கேட்டேன்னியே."

"பாட்டைக் கேட்டேன். வராதேன்னது பாட்டுல வருதுல்ல, அதைச் சொன்னேன். உன் மெசேஜ் இன்னிக்குத்தான் வந்துச்சு."

அந்தப் பக்கம் இரும்பு உராயும் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு லிஃப்ட் குழியில் நின்றுகொண்டிருந்தான் போலிருக்கிறது.

"வராதேன்னு சொன்னவங்க, வாயைத் திறக்க முடியாம கிடக்கறப்போ வந்து நிக்கறது திருட்டுத்தனம்னு தோணிச்சு பாப்பா. அதான் வரல." பிறகு, "அவங்க என்னதான் சொன்னாங்க?" என்றான்.

அவள் சொன்னாள். வாராவாரம் அம்மா விசாரித்ததையும், தான் வாயைத் திறக்காமல் இருந்ததையும் ஒன்றையும் குறைக்காமல் சொன்னாள். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "உன் பாட்டெல்லாம் என் டூல் பெட்டிக்குள்ளதான் இருக்கு. ஸ்பேனர் எடுக்கவே விடறதில்ல" என்றான் அவன். சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு மூன்று மாடியும் ஏறி வந்தான். முன்தலையில் முடி போயிருந்தது. ஒற்றைப் பெட்டியைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்ததும் பதினோரு பெண்களும் தொடங்கினார்கள். அவன் அப்படியே நின்றுவிட்டான். அவனே அனுப்பிய பாட்டுத்தான், அவனுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் ஒன்பது வருடம் ஒரே சொல்லை மனதுக்குள் அம்மாவின் குரலில் கேட்டுப் பழகியவனுக்குக் கால் எழவில்லை. பல்லவி இரண்டாம் முறை வந்தது. கீழ்வீட்டுத் தையல்காரர் அளவுநாடாவோடு படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது பாட்டுண்ணா," என்றாள் தங்கை உள்ளே இருந்து. "அம்மா இல்ல. நீ வா."

அவன் படியைத் தாண்டினான். பன்னிரண்டு நாள் இருந்தான். ஃப்ரிட்ஜின் பின்னால் இருந்த பாட்டைக் கேட்டுவிட்டு, அது எந்த வகை லிஃப்ட், அதில் என்ன கோளாறு என்று சொன்னான். தினமும் மதியம் அம்மாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அந்த நேரத்தில் அவனைக் கூப்பிட்டும் பயனில்லை, அவன் காதில் எதுவும் விழாது என்று அவளும் விட்டுவிட்டாள். இரண்டு தட்டு வைத்துச் சாப்பிட்டார்கள். பேச்சு அவ்வளவாக இல்லை. பதிமூன்று வருடத்தைப் பன்னிரண்டு நாளில் யாராலும் பேசித் தீர்க்க முடியாது.

பதிமூன்றாம் நாள் காலையில் அவன் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். படியில் இருந்த பாட்டுக்கு உள்ளே வருகிறவர் யார், வெளியே போகிறவர் யார் என்ற பேதம் கிடையாது. வழக்கம்போல வராதே, வராதே என்றது. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு தங்கையைப் பார்த்தான், படியைப் பார்த்தான்.

"சரி, போயிட்டு வரேன்" என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.