பூட்டாத பெட்டி

எண்பத்து நான்காம் வருஷம் நவம்பர் மாதம். சிங்கப்பூரில், புக்கிட் மேரா பகுதியின் மூன்றாம் மாடி வீட்டில் உர்சுலா தனியாகப் படுத்திருந்தாள். முடக்குவாதம் வந்து இரண்டு வருஷமாகியிருந்தது. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டதும் தலைக்கு மேலே ஓடிய விசிறி குளிரை அள்ளிக் கொட்டியது. எழுந்துபோய் நிறுத்த முழங்கால் இடம் கொடுக்கவில்லை. பஸ் ஓட்டும் கணவன் சிலுவைராஜ் வேலை முடிந்து வரும்வரை, மூன்று மணி நேரம் அப்படியே கிடந்தாள். வந்தவன் விசிறியை நிறுத்திவிட்டு, விறைத்துப் போன அவள் விரல்களைத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் டாக்சி பிடித்து அவளை ஆர்ச்சர்ட் ரோட்டுக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு பெரிய கடையில் வழவழவென்று வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. படுத்தபடியே பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியும், விசிறி நிற்கும், ரேடியோ பாடும்.

"இதுதான் உர்சு! ராணி மாதிரி இருக்கலாம் லா" என்றான் சிலுவைராஜ்.

உர்சுலா அமுக்கிப் பார்த்தாள். பொத்தான்கள் மொச்சைக்கொட்டை அளவுதான். விரல் வழுக்கி வழுக்கிப் போனது.

"வாசக்கதவையும் இதுலயே திறக்கலாமா?" என்று கேட்டாள்.

"முடியாதுங்க. எங்க கம்பெனி சாமான் மட்டும்தான் இதோட சேரும்" என்றான் விற்பனையாளன். "வேற ஆள் பெட்டியைத் திறந்தா கேரண்டி போயிடும்."

"ரிப்பேரானா?"

"நாங்களே எடுத்துட்டுப் போவோம். ரெண்டு மூணு வாரத்துல வந்துடும்."

வெளியே வந்ததும் உர்சுலா ஊன்றுகோலை ஊன்றி நின்றாள். "எனக்கு வாங்குற சாமானைப் பத்தி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? தேக்காவுக்குப் போவோம். அலீம் பாயைப் பார்க்கணும்."

அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில், அங்கே ஒலிபெருக்கி கெட்டுப்போனால் வந்து பார்ப்பவர் அப்துல் அலீம். தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில், டன்லப் ஸ்ட்ரீட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டவர் உடனே எதையும் எடுத்துக் காட்டவில்லை. "கையை நீட்டுங்க தங்கச்சி" என்றார். விரல்கள் எதுவரை மடங்குகின்றன என்று பார்த்தார். ஏழெட்டு அழைப்புமணிப் பொத்தான்களைப் பரப்பி, ஒவ்வொன்றாக அமுக்கச் சொன்னார். உள்ளங்கை ஓரத்தால் தட்டினாலே போதும் என்கிற பெரிய பொத்தானில் அவள் கை தானாக நின்றது.

"எல்லாம் எந்தக் கடையிலயும் கிடைக்கிற சாமான்தான்" என்றார். "எந்த வயர் எங்க போகுதுன்னு படம் போட்டு மூடிக்குள்ள ஒட்டிடுறேன். நான் இல்லாட்டியும் விவரம் தெரிஞ்ச யாரும் திறந்து பார்க்கலாம். கதவுக்கும் வழி பண்ணலாம்."

சிலுவைராஜுக்கு மனசு ஒப்பவில்லை. வயர்களையெல்லாம் உள்ளே வைக்க அவர் கடைசியில் எடுத்துக் காட்டிய மரப்பெட்டி மீன்பெட்டி மாதிரி இருந்தது. திரும்பும் வழியில் டாக்சியில் முனகினான்: "உனக்கு நல்லதா ஒண்ணு வாங்கித் தரணும்னு நெனச்சேன்."

"நல்லதைத்தாங்க வாங்கித் தர்றீங்க. என் கைக்கு ஏத்த நல்லது."

கிறிஸ்துமசுக்கு முன்பே வேலை முடிந்தது. பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி சூப் கொண்டு வந்தால், உர்சுலா படுத்தபடியே கதவைத் திறந்துவிட்டாள். வருகிறவர்களுக்கெல்லாம் அதையே செய்து காட்டினாள்.

மார்ச்சில் ஒருநாள் கதவு திறக்க மறுத்தது. அலீம் பாய் நாகூருக்குப் போயிருந்தார். சிலுவைராஜ் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினான். உர்சுலா அந்த மூடியை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து வழி சொன்னாள்.

"மஞ்சள் வயர் போய்ச் சேர்ற இடத்தைப் பாருங்க. மூணாவது ரிலே."

மின்சாரத்தை விட்டு நிறுத்தும் அந்தச் சின்ன சுவிட்ச் கருகியிருந்தது. கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தேக்காவுக்கு ஓடியவன், வேறொரு கடையில் அதே மாதிரி வாங்கி வந்து மாட்டினான். டக்கென்று கதவு திறந்தது. நம்ப முடியாமல் ஐந்தாறு தடவை திறந்து திறந்து மூடினான். "நானே பண்ணிட்டேன் உர்சு!" என்று அவன் கத்தியது கீழ்மாடி வரை கேட்டிருக்கும்.

அதோடு அவன் நிற்கவில்லை. அடுத்த வாரமே அடுப்படியில் ஒரு மணியை மாட்டி, கட்டிலருகே இன்னொரு பொத்தான் வைத்தான்.

"நான் சமைக்கும்போது நீ தொண்டை கிழியக் கூப்பிட வேண்டாம் பாரு."

அவன் உள்ளே போனதும் உர்சுலா அமுக்கினாள். கரண்டியும் கையுமாக ஓடி வந்தான்.

"என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல. அடிக்குதான்னு பார்த்தேன்."

திரும்பிப் போனான். மறுபடி மணி அடித்தது.

"மீன்குழம்பு அடிப்பிடிக்குது உர்சு" என்று சிரித்துக்கொண்டே வந்தவன், கட்டில் ஓரத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.